பம்பாயின் பழைய ஹோட்டல்கள், இரானிக் கடைகள், பர்மிட் ரூம்கள்: ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும், கேட்வேயையும் சித்தி விநாயகரையும் பார்த்து முடித்ததும் அடுத்த பேச்சு சாப்பாட்டைப் பற்றித்தான். "அந்த இரானிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ", "குண்டு துளைத்த சுவர் இருக்கிற ஹோட்டலைப் பார்க்க வேண்டும்", "பர்மிட் ரூம் என்றால் லாட்ஜா?" என்று கேட்பார்கள். முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்தின் பழைய உணவகங்களில் பெரும்பாலானவற்றைக் கட்டி எழுப்பியவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்கள் சமைத்துப் போட்டதும், பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் பிழைப்புக்காகத் தனியாக வந்த வெளியூர்க்காரர்களுக்குத்தான். மேசை ஏன் சின்னதாக இருக்கிறது, முன்பின் தெரியாதவரின் எதிரே ஏன் உட்கார வைக்கிறார்கள், ஒரு தேநீருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஏன் எழுப்ப மாட்டார்கள் என்பதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொண்டால் தானாக விளங்கும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கெல்லாம் போகலாம்?

காலையில் மாட்டுங்காவில் தொடங்குங்கள். கிங்ஸ் சர்க்கிளில் மைசூர் கஃபே, கஃபே மெட்ராஸ் இரண்டில் ஒன்றில் டிபன். பிறகு பூக்கடைகளைப் பார்த்தபடி நடந்து மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வந்து, ஸ்லோ வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தமான வி.டி.யில் (விக்டோரியா டெர்மினஸில்) இறங்குங்கள். பலகையில் சி.எஸ்.எம்.டி. என்று இருக்கும், பழைய ஆட்களின் வாயில் இன்னும் வி.டி.தான். அங்கிருந்து நடந்தால் பலார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியாவில் மதியச் சாப்பாடு. மாலையில் தோபி தலாவில், மெட்ரோ தியேட்டருக்கு அருகே இருக்கும் கயானியில் தேநீர். இருட்டியதும் கொலாபா.

நான்கு இடத்திலும் வயிறு முட்டச் சாப்பிட்டால் உடம்பு தாங்காது. இரண்டு பேராகப் போய் எதையும் பாதியாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். மாட்டுங்காவின் பழைய கடைகள் பலவற்றுக்கு அன்றுதான் விடுமுறை.

இரானிக் கடை என்பது பார்சி ஹோட்டல்தானே?

இல்லை. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் உங்களைத் திருத்துவார். இரு சாராரும் ஜரதுஷ்டிர மதத்தைச் சேர்ந்தவர்களே. ஆனால் பார்சிகளின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குஜராத் கரையில் வந்து இறங்கியவர்கள். பம்பாயில் 'இரானி' என்று சொல்லப்படுகிறவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அங்கே சிறுபான்மை மதத்தவராக அவர்கள் பட்ட பாடு ஒரு பக்கம், 1870-களின் தொடக்கத்தில் ஈரானை வாட்டிய பெரும்பஞ்சம் மறுபக்கம். வந்தவர்களில் பலர் முதலில் பார்சி வீடுகளிலும் பேக்கரிகளிலும் வேலைக்குச் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் தேநீர்க் கடை வைத்தார்கள். ஈரானிய முஸ்லிம்கள் நடத்திய கடைகளும் உண்டு.

கடையின் அமைப்பைக் கவனியுங்கள். பளிங்குப் பலகை பதித்த மேசை. மரத்தை ஆவியில் வளைத்துச் செய்த கறுப்பு நாற்காலி. சுவரெல்லாம் ஆளுயரக் கண்ணாடி. கடை பெரிதாகத் தெரியும், கல்லாவில் இருப்பவர் திரும்பாமலே எல்லா மேசையையும் பார்த்துக்கொள்ளலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் பிஸ்கட் நிறைந்த கண்ணாடிப் பரணிகள். மேலே ஜரதுஷ்டிரரின் படம், அதற்குக் கீழே ஒரு பெரிய கடிகாரம்.

இந்தக் கடைகளிடம் எனக்குள்ள மரியாதைக்குக் காரணம் நாற்காலி அல்ல. ஊரில் சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த காலத்தில், இரானி எவரையும் நீ யார் என்று கேட்கவில்லை. மில் தொழிலாளி, வக்கீல் குமாஸ்தா, டாக்சி ஓட்டுநர், கல்லூரி மாணவன் எல்லோரும் ஒரே பளிங்கு மேசையில் முழங்கை வைத்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். என் அப்பா 1963-இல் சுருக்கெழுத்துச் சான்றிதழோடு இந்த ஊருக்கு வந்தபோது, ஓர் அறையில் ஆறு பேர். அறையில் உட்கார்ந்து படிக்க இடமில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதியதெல்லாம் இரானிக் கடை மேசையில்தான் என்பார்.

ஏன் எல்லா இரானிக் கடைகளும் தெருமுனையிலேயே இருக்கின்றன?

முச்சந்தியை ஒட்டிய மனை வாஸ்துக்கு ஆகாது என்று மற்ற வியாபாரிகள் ஒதுங்கினார்கள், அந்த நம்பிக்கை இல்லாத இரானிகள் மலிவாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். நடைமுறைக் காரணமும் கண்முன்னே இருக்கிறது: முனைக் கடைக்கு இரண்டு தெருவிலிருந்தும் வெளிச்சம், காற்று, வாடிக்கையாளர். எதிரும் புதிருமாகப் பல வாசல் வைக்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் உள்ளேயிருந்தே பஸ்ஸைப் பார்க்கலாம்.

அங்கே என்ன வாங்கிச் சாப்பிடுவது? சைவத்துக்கு ஏதாவது கிடைக்குமா?

பிரன் மஸ்காவும் தேநீரும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் வேறெதையும் சொல்வதில்லை.

பிரன் என்பது மேலே ஓடு மாதிரி கெட்டியாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கிற ரொட்டி. குறுக்கே பிளந்து, தாராளமாக வெண்ணெய் தடவி, மூன்று நான்கு துண்டுகளாக வெட்டித் தருவார்கள். சிலர் மேலே சர்க்கரை தூவச் சொல்வார்கள். அப்படியே கடித்தால் மேலண்ணம் கீறிவிடும். தேநீரில் ஒரு முனையை முக்கி, மனத்துக்குள் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். நான்கு எண்ணினால் துண்டு உடைந்து கோப்பைக்குள் விழும். வெளி ஓடு ஊறியும் ஊறாமலும் இருக்கிற அந்த நிலையில் வாயில் போட்டால் உப்பு, வெண்ணெய், தேநீரின் இனிப்பு மூன்றும் சேர்ந்து வரும். கோப்பையின் மேல் வெண்ணெய் பொட்டுப் பொட்டாக மிதக்கும். அதைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். கடைசி மடக்கு அதனால்தான் ருசிக்கிறது.

பிரன் கெட்டியாக இருக்கிறது என்றால் பன் மஸ்கா. மாவா கேக் பால்கோவா சேர்த்துச் செய்வது, ஏலக்காய் மணக்கும். ஆனால் முட்டை உண்டு, ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்கு எதிரே 1914-இல் தொடங்கிய பி. மெர்வான் கடையில் இந்தக் கேக்குக்காக விடியற்காலையிலேயே ஆட்கள் வந்து நின்ற காலம் உண்டு. முட்டை சாப்பிடுகிறவர்கள் அகூரி கேளுங்கள். வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் போட்டுத் தளர்வாகக் கிளறிய முட்டை. அசைவக்காரர்களுக்குக் கொத்திய இறைச்சியும் பாவ் ரொட்டியும் சேர்ந்த கீமா பாவ்.

இன்றைக்கும் நடக்கிற கடைகளில் கயானி 1904-இல் தொடங்கியது. அதே தோபி தலாவ் பக்கத்தில் சசானியன் 1913-இல். கோட்டைப் பகுதியில் கஃபே மிலிட்டரி 1933-இல். மாட்டுங்காவிலேயே கிங்ஸ் சர்க்கிள் முனையில் கூலார் இருக்கிறது. இட்லி சாப்பிட்ட கையோடு இரானித் தேநீர் குடிக்க எங்கள் பேட்டையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

பிரிட்டானியாவில் அப்படி என்ன விசேஷம்?

பெர்ரி புலாவ். 1923-இல் தொடங்கிய கடை இது. துறைமுகத்தை ஒட்டிய பலார்ட் எஸ்டேட்டில், கப்பல் கம்பெனி அலுவலகங்களுக்கு நடுவே, உயரமான கூரையும் உரிந்த சுண்ணாம்புமாக நிற்கிறது. ஈரானிலிருந்து வருகிற ஜெரெஷ்க் என்னும் குட்டிச் சிவப்புப் பழத்தை நெய்யில் புரட்டிச் சோற்றின் மேல் தூவுகிறார்கள். களாக்காயின் புளிப்பை மிளகு அளவுக்குள் அடைத்தது போல இருக்கும். சோற்றுக்கு அடியில் கோழியோ ஆட்டிறைச்சியோ காய்கறியோ, வறுத்த வெங்காயமும் முந்திரியும் சேர்ந்து. நம் பிரியாணியின் காரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது சாந்தமான சாப்பாடு. முடிவில் கேரமல் கஸ்டர்ட். குடிக்க ராஸ்ப்பெர்ரி சோடா.

இந்தப் புலாவை இங்கே கொண்டுவந்தவர், ஈரானில் சில காலம் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய உரிமையாளரின் மனைவி. அந்த உரிமையாளர் போமன் கோஹினூர், தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேசை மேசையாக வந்து குனிந்து ஆர்டர் எடுத்தவர். 2019-இல் தன் 97-ஆவது வயதில் காலமானார். என் மகளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு நாள், அவள் தட்டில் பாதியை வைத்துவிட்டதைப் பார்த்து, பேத்தியைக் கேட்பது போல "நன்றாக இல்லையா?" என்று கேட்டார். அவள் மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். மதிய நேரம் மட்டும் திறந்திருக்கும் கடை. பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள்.

மாட்டுங்கா ஹோட்டல்கள் தமிழர்கள் நடத்துகிறவையா?

பெரும்பாலும் இல்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு வியப்படைகிறார்கள்.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவி, நெருக்கமான சந்துகளில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அதன் பிறகு 1898-இல் அமைத்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் அகலத் தெருவும் மரமும் பூங்காவுமாகப் புதிய மனைகளைப் பிரித்தது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்த தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டுப் பையன்கள் ரயில்வேயிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் வேலை தேடி வந்து இங்கே அறை எடுத்துத் தங்கினார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது, பஜனை சமாஜமும் கோயில்களும் வந்தன, அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் ஓடியது, 1963-இல் சண்முகானந்தா சபையின் பெரிய அரங்கம் எழுந்தது.

சாப்பிடுகிறவர்கள் தமிழர்கள், ஆனால் அடுப்பைப் பற்றவைத்தவர்கள் தென் கன்னட மாவட்டத்துக்காரர்கள். உடுப்பி, கார்க்களா பக்கத்திலிருந்து வந்த கன்னடம், துளு, கொங்கணி பேசுகிறவர்கள். மைசூர் கஃபே 1936-இல், கஃபே மெட்ராஸ் 1940-இல், ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-இல். ஒன்றின் பெயர் மைசூர், ஒன்றின் பெயர் மெட்ராஸ். மும்பைக்காரர்களுக்கு அன்று விந்தியத்துக்குத் தெற்கே எல்லாமே மதராஸ்தான். பாலக்காட்டுக்காரர் தொடங்கியதாக நினைவில் நிற்பது மணீஸ் லஞ்ச் ஹோம். ரூயா கல்லூரிக்கு எதிரே இருந்தது, பிறகு செம்பூருக்கு இடம் மாறியது.

பத்துப் பன்னிரண்டு வயதில் வந்து மேசை துடைத்த பையன்கள்தான் அந்தக் கடைகளைத் தாங்கினார்கள். பகலில் தட்டுக் கழுவி, இரவுப் பள்ளிக்கூடத்தில் படித்து, பத்து ஆண்டு கழித்துத் தாங்களே ஒரு கடை போட்டவர்கள் அவர்களில் ஏராளம். இன்று மும்பை முழுக்க இருக்கிற உடுப்பி ஹோட்டல்களின் வேர் இதுதான். ஒரு டம்ளர் காப்பிக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது என்பதால்தான், சர்வரிடம் விரல் சொடுக்கிக் கூப்பிடும் உறவினர்களை நான் அங்கேயே கண்டித்துவிடுகிறேன்.

சாம்பார் ஏன் இனிக்கிறது?

உடுப்பிச் சமையலில் வெல்லம் உண்டு. மிளகாயும் பேடகி வகை. நிறம் தருமே தவிரக் காரம் குறைவு. கூடவே தேங்காய் அரைத்து விடுவார்கள். அது பிழையில்லை, வேறொரு ஊரின் கைப்பக்குவம். "எங்கள் ஊர் சாம்பார் மாதிரி இல்லையே" என்று சொல்லிவிட்டு ஒதுக்காமல், இரண்டாவது கரண்டி வாங்கிப் பாருங்கள். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் கஃபே மெட்ராஸில் ரச வடை இருக்கிறது. மிளகு மணக்கிற ரசத்தில் ஊறிய வடை உங்களை ஊருக்கே கொண்டுபோய்விடும். ராகி தோசையும் அங்கே நன்றாக இருக்கும்.

ராம நாயக்கில் இலைச் சாப்பாடு சாப்பிட என்ன செய்ய வேண்டும்?

மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. முதலில் பணம் கட்டிக் கூப்பன் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். நான்கு பேராகப் போனாலும் சேர்ந்தே உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு இடம் காலியானால் இரண்டு பேரை உள்ளே அழைப்பார்கள். எதிரே ஒரு குஜராத்தி வியாபாரியோ கல்லூரிப் பெண்களோ இருப்பார்கள். ஒன்றும் பேச வேண்டியதில்லை. தண்ணீர்ச் செம்பை நகர்த்திக் கொடுத்தால் போதும்.

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் பரிமாறுதல் தொடங்கிவிடும். பொரியல், கூட்டு, பூரி அல்லது சப்பாத்தி, அப்பளம். பிறகு சோறு. குவித்த சோற்றின் நடுவில் குழி செய்து வையுங்கள், சாம்பார் அதில்தான் விழும். ரசத்துக்கு இன்னொரு முறை சோறு கேளுங்கள். பரிமாறுகிறவர் நிற்காமல் நடந்துகொண்டே பார்ப்பார். இலைக்கு மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் 'போதும்' என்று அர்த்தம், காட்டாவிட்டால் விழுந்துகொண்டே இருக்கும். கேட்டு வாங்கியதை வீணாக்காதீர்கள், அங்கே அதை விரும்ப மாட்டார்கள்.

பெயரில் 'போர்டிங்' என்று இருந்தாலும் தங்கும் இடம் இல்லை. தனியாக வந்த ஆண்கள் மாதக் கணக்கு வைத்து இரு வேளையும் சாப்பிட்ட காலத்தின் பெயர் அது. என் அப்பாவும் கல்யாணம் ஆகும்வரை ஒரு போர்டிங்கில் மாதக் கணக்குக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவின் ரசத்தை முதல் முதலாகச் சாப்பிட்டுவிட்டு "நன்றாகப் பழகின ரசம் மாதிரி இருக்கிறது" என்றாராம். அம்மா அதை எழுபது வயதிலும் சொல்லிச் சிரிப்பாள்.

மராத்திக்காரர்களின் பழைய சாப்பாட்டுக் கடைகள்?

தாதரில் மாமா காணே கடை 1910-இலிருந்து இருக்கிறது. உருளைக்கிழங்கில் செய்யும் படாட்டா வடைக்குப் போங்கள். ஆனால் மராத்தி உழைப்பாளிகளின் உண்மையான உணவகம் பலகை மாட்டாதது. பருத்தி ஆலைகள் நிறைந்த பரேல், லால்பாக் பகுதிகளில், கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் தனியாக வந்த தொழிலாளிகளுக்குப் பெண்கள் தங்கள் ஒற்றை அறையிலேயே சமைத்துப் போட்டார்கள். அதற்குக் கானாவள் என்று பெயர். கடன் கொடுத்தவனிடம் வட்டிக்குச் சிக்கியிருந்த அந்தப் பெண்களை ஒன்று சேர்த்து, 1975-இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். 1982-இல் ஆலை வேலைநிறுத்தம் வந்து ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சாப்பிட வந்தவர்களும் ஊர் திரும்பினார்கள்.

அசைவத்துக்கு எங்கே?

பெண்டி பஜாரில் நூர் முகமதி, 1923-இலிருந்து. காலையிலேயே நல்லி நிஹாரி, அதாவது மஜ்ஜை எலும்போடு நேரமெடுத்து வேகவைத்த இறைச்சிக் குழம்பு. இரவு என்றால் கொலாபாவில் தாஜ் ஓட்டலுக்குப் பின்தெருவில் படே மியான், 1946-இல் தொடங்கிய சீக் கபாப் கடை. நடுநிசிக்கும் கூட்டம் இருக்கும்.

மும்பையில் குடிப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டுமாமே, உண்மையா?

சட்டப்படி உண்மை, இன்றைக்கும். மொரார்ஜி தேசாய் உள்துறையைக் கவனித்த காலத்தில் 1949-ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு முழு மதுவிலக்கு. உடல்நலத்துக்கு மது தேவை என்று சான்று பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் பர்மிட். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் படிப்படியாகத் தளர்த்தினார்கள், ஆனால் சட்டத்தை எடுத்துவிடவில்லை. அதனால்தான் மதுக்கூடங்களின் வாசலில் இன்னும் 'பர்மிட் ரூம்' என்று எழுதியிருக்கிறது. லாட்ஜ் அல்ல, பர்மிட் வைத்திருப்பவர் குடிப்பதற்கு ஒதுக்கிய அறை. ஒரு நாள் பர்மிட், ஓராண்டு பர்மிட், ஆயுள் பர்மிட் எல்லாம் உண்டு. வயது வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள்: பியருக்கு 21, விஸ்கி, ரம் போன்ற கடும் மதுவகைகளுக்கு 25. டாஸ்மாக் கடைகளைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் இருபத்துமூன்று வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு வாசலில் வாதாடக் கூடாது.

அந்த வறண்ட காலத்தில் நகரம் குடிக்காமல் இருக்கவில்லை. தோபி தலாவ், மசகான், பாந்த்ரா பகுதிகளில் கோவா வழிவந்த கிறிஸ்தவப் பெண்கள் சிலர் வீட்டு முன்னறையிலேயே கள்ளச் சாராயம் விற்றார்கள். ஆன்ட்டி பார் என்று பெயர். ஆரஞ்சுத் தோல் போட்டு வடித்தது, அவித்த முட்டை, வேகவைத்த கடலை, சுவரில் மாதா படம். பெரும்பாலும் கணவனை இழந்தோ கைவிடப்பட்டோ பிள்ளைகளைப் படிக்கவைக்க வழியின்றி இதில் இறங்கியவர்கள். போலீசுக்கும் பயந்து, குடித்தவனுக்கும் பயந்து, அந்த வீடுகள் ஓடின. மதுவிலக்கு தளர்ந்ததும் மறைந்துபோயின. அவர்களை வேடிக்கைக் கதையாக மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை.

லியோபோல்டுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

போகலாம். மது உண்டு, சாப்பாடும் உண்டு, குழந்தைகளும் வருவார்கள். கொலாபாவில் இருக்கும் இந்தக் கடை 1871-இல் இரானிகள் தொடங்கியது. ஆரம்பத்தில் சமையல் எண்ணெய் மொத்தக் கடை, பிறகு உணவகமானது. பெயர் பெல்ஜிய மன்னருடையது. 2008 நவம்பர் 26-ஆம் தேதி இரவு இங்கே பயங்கரவாதிகள் துப்பாக்கியால் சுட்டு வெடிகுண்டும் வீசினார்கள்; வாடிக்கையாளர்களும் சர்வர்களும் மடிந்தார்கள். சில நாட்களிலேயே கடையைத் திறந்தார்கள். சுவரிலும் கண்ணாடியிலும் குண்டுத் துளைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அந்தத் துளைக்குள் விரலை வைத்துச் சிரித்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். அங்கே பரிமாறுகிறவர்களுக்கு அது கூட வேலை பார்த்தவர்களின் நினைவு.

சத்தம் ஒத்துவராதவர்கள் ரீகல் தியேட்டருக்குப் பக்கத்தில் மோண்டேகருக்குப் போகலாம். கோவாவின் கேலிச் சித்திரக்காரர் மாரியோ மிராண்டா சுவர் முழுக்க வரைந்த சித்திரங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்காரலாம். பழைய பாட்டுப் பெட்டியும் இருக்கிறது. கையில் காசு அதிகமிருந்தால் தாஜ் ஓட்டலில் 1933-இல் திறந்த ஹார்பர் பார்; நகரின் முதல் உரிமம் பெற்ற மதுக்கூடம் அதுதான். ஜன்னலுக்கு வெளியே கேட்வேயும் கடலும். காசு குறைவு என்றால் அதே தாஜின் பின்தெருவில் கோகுல்.

தென்னிந்திய ஹோட்டல்களை ஒரு காலத்தில் அடித்து நொறுக்கினார்களாமே?

ஆம். 1966-இல் சிவசேனா தொடங்கிய பிறகு, அலுவலக வேலைகளைத் தென்னிந்தியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற கோபம் எழுந்தது. அந்தக் கோபத்தின் கண்ணில் முதலில் பட்டவை உடுப்பி ஹோட்டல்கள். கல் விழுந்தது, கண்ணாடி உடைந்தது, வேட்டி லுங்கியைக் கேலி செய்யும் கோஷங்கள் எழுந்தன. அப்போது அப்பா வேட்டியை விட்டுக் கால்சட்டை போடத் தொடங்கினார். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்து மராத்தி ஆஜி (பாட்டி), தெருவில் கூச்சல் கேட்டால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, அம்மாவைத் தன் வீட்டில் வந்து உட்காரச் சொல்வாராம். இரண்டும் நடந்தன. இன்று ஞாயிற்றுக்கிழமை காலை கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிவிட்டு நிற்கிற கூட்டத்தில் மராத்திக் குடும்பங்கள்தான் அதிகம். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

இவ்வளவு பெயர் பெற்ற கடைகள் ஏன் மூடிக்கொண்டே வருகின்றன?

கூட்டம் இல்லாததால் அல்ல. இந்தக் கடைகள் பிழைத்ததற்கும் சாவதற்கும் காரணம் ஒன்றே: வாடகை. 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை உறையவைத்தது. பகடி என்னும் முன்பணம் கொடுத்து உள்ளே வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் இருந்தார்கள். அதனால்தான் ஒரு தேநீருக்கு ஒரு மணி நேரம் உட்காரவிட முடிந்தது. ஆனால் அந்த வாடகையில் கட்டடக்காரர் கூரையைப் பழுதுபார்க்க மாட்டார். கட்டடம் சரிகிறது, இடித்துக் கட்ட பில்டர் வருகிறார். பங்காளிகள் பலர், பிள்ளைகள் வெளிநாட்டில். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் வாழ்க்கையை அவர்கள் மீது திணிக்கவும் முடியாது.

ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்குள் 1964-இலிருந்து இருந்த சமோவார் உணவகம் 2015-இல் மூடியது. காலா கோடாவில் கவிஞர் அருண் கொலாட்கர் உட்கார்ந்து எழுதிய வேசைடு இன் அதற்கு முன்பே போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் இரானிக் கடை இருந்தது. கடைசி நாள் மாலை போனபோது பரணிகளில் பிஸ்கட் இல்லை, கண்ணாடிகளைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டிருந்தார்கள். சுவரில் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பெரியவர் பணம் வாங்க மறுத்து, ஒரு பரணியை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இப்போது அதில் முறுக்கு வைக்கிறேன். மூடி இன்னும் இறுக்கமாகத்தான் உட்காருகிறது.

ஆகவே, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். படம் எடுக்க மட்டும் போகாதீர்கள். உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள். கல்லாவில் சில்லறையாகக் கொடுங்கள்.

ஹோட்டலுக்கே போக நேரமில்லை என்றால்?

தாராவியின் இட்லி வரும். அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல, நள்ளிரவுக்குப் பின் எழுந்து மாவை ஊற்றி அவிக்கத் தொடங்கிவிடுகின்றன. பொழுது விடியும்போது அலுமினியப் பாத்திரத்தைத் தலையிலோ சைக்கிளிலோ ஏற்றிக்கொண்டு ஆண்கள் நகரெங்கும் கிளம்புகிறார்கள். மேலே ஈரத்துணி, பக்கத்தில் தேங்காய்ச் சட்னித் தூக்கு. அவர்களுக்குக் கடையும் இல்லை, பலகையும் இல்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. என் கணக்கில் அதுவும் இந்த நகரத்தின் பழைய உணவகம்தான். காலையில் நீங்கள் தங்கியிருக்கிற கட்டடத்தின் கீழே பீப் பீப் என்று ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டால், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். தமிழில் கேளுங்கள். சட்னி இன்னொரு கரண்டி விழும்.